புல்வெளியில் ஒரு பீர் பாட்டில்

1952 ஜூன் மாதம். கோபன்ஹேகனில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வில்லி டான்ஸ்கார்ட் என்ற இயற்பியலாளர் வீட்டுப் புல்வெளியில் காலி பீர் பாட்டிலொன்றை வைத்து, வாயில் புனலைச் செருகினார். சேர்ந்த மழைநீரை ஆய்வகத்தில் அளந்து பார்த்தார். பூமியின் பழைய குளிரையும் வெப்பத்தையும் அளக்கும் வழி அந்தப் பாட்டிலில்தான் பிறந்தது என்பேன்.

தண்ணீர் மூலக்கூறுகளில் சுமார் 500க்கு ஒன்று சற்றே கனமானது. அதிலிருப்பது ஆக்சிஜன்-18. மேகம் குளிரக் குளிர, கனமானவை முந்திக்கொண்டு மழையாக இறங்கிவிடும். துருவம்வரை போய்ச் சேரும் மேகத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் லேசான நீர். எனவே துருவப் பனியில் ஆக்சிஜன்-18 எவ்வளவு குறைகிறதோ, அது விழுந்த காலத்தில் அவ்வளவு குளிர். அந்தப் பனியோ உருகாமல் ஆண்டுக்காண்டு அடுக்கடுக்காகப் படிகிறது. 1966இல் கிரீன்லாந்தில் அடிப்பாறைவரை துளைத்தெடுத்த பனித்தண்டில் டான்ஸ்கார்ட் கடந்த பனியுகத்தையே படித்துக்காட்டினார்.

1965இல் அண்டார்டிகாவில் குளிர்காய்ந்துகொண்டிருந்த பிரெஞ்சு ஆய்வாளர் குளோட் லோரியுஸ், ஆழத்திலிருந்து எடுத்த பனிச்சில்லுகளை விஸ்கியில் போட்டார். குமிழ்கள் படபடவென வெடித்தன. அடைபட்டுக் கிடந்த பழங்காற்று வெளியேறுகிறது என்று அவருக்குப் பொறிதட்டியது. எனக்கு மெய்சிலிர்க்கும் இடம் இதுதான். மரத்தின் வளையமும் பவளமும் கடலடிச் சேறும் அந்தக் காலத்தைப் பற்றிச் சாட்சி சொல்கின்றன. குமிழிலோ அந்தக் காலத்துக் காற்றே இருக்கிறது.

ஆனால் காற்றுக்கும் பனிக்கும் ஒரே வயதில்லை. மேலே விழும் பனி பஞ்சுபோன்றது. பல பத்து மீட்டர் ஆழத்தில் இறுகும்வரை காற்று அதனூடே போய்வந்துகொண்டிருக்கும். அண்டார்டிகாவின் உட்பகுதியில் அது அடைபட ஆயிரக்கணக்கான ஆண்டுகள்கூட ஆகும். பனியைவிடக் குமிழின் காற்று அவ்வளவு இளையது. இந்த இடைவெளியைக் கணித்துத்தான் காற்றுக்கு வயது சொல்கிறார்கள்.

அண்டார்டிகாவின் டோம் சி என்னுமிடத்தில் 3,200 மீட்டருக்கும் ஆழமாகத் துளைத்தெடுத்த பனித்தண்டு 8 லட்சம் ஆண்டுகளைக் காட்டியது. தொழிற்புரட்சிவரை, அத்தனை காலத்திலும் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 300 பங்கைத் தாண்டவேயில்லை. இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

2025 ஜனவரியில், டோம் சிக்குப் பக்கத்திலேயே 2,800 மீட்டர் தோண்டி, 12 லட்சம் ஆண்டுகளுக்கும் பழைய பனியை எட்டினார்கள். முன்பு ஏறக்குறைய 41,000 ஆண்டுக்கொருமுறை வந்துபோன பனியுகங்கள், சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தாளம் மாறி, ஒரு லட்சம் ஆண்டுக்கொருமுறை வரத் தொடங்கின. காரணம் இன்னும் பிடிபடவில்லை. அந்த மாற்றம் நடந்த நாட்களின் காற்று இப்போது ஆய்வாளர்களின் கைக்கு வந்திருக்கிறது.