பெர்மாவின் ஆறாவது எண்

429,49,67,297. நானூற்றிருபத்தொன்பது கோடிக்கு மேற்பட்ட இவ்வெண்ணைக் காண்போர்க்கு இதில் யாதொரு சிறப்பும் தோன்றாது. ஆயினும், ஒரு பேரறிஞரின் கூற்று நிலைபெறுவதும் வீழ்வதும் ஒரு காலத்தில் இதனையே பொறுத்திருந்தன. அவ்வரலாற்றைச் சுருங்க உரைப்போம்.

ஒன்றினும் பெரியதாய், ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாததைப் பகா எண் என்பர். இனி, 3 என்னும் பகா எண்ணை எடுத்துக்கொள்வோம். அதில் ஒன்றைக் கழித்து, எஞ்சியதை அதனாலேயே பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 5 வரும். 5-ஐ அவ்வாறே செய்ய 17 வரும். மேலும் தொடரின் 257, 65,537 என்பன கிட்டும். இவ்வைந்தும் பகா எண்களே. ஆறாவதாக வருவதுதான் நாம் முதலிற் குறித்த எண்.

பிரான்ஸ் தேசத்துத் துலூஸ் நகரில் நீதிமன்ற அலுவல் பார்த்துக்கொண்டே கணித ஆராய்ச்சி செய்தவர் பெர்மா. இவ்வரிசையில் வருவன அனைத்தும் பகா எண்களே எனத் தாம் நம்புவதாக 1640-ஆம் ஆண்டில் அவர் கடிதம் எழுதினார். அதற்கு நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைத்தாரல்லர். 1729-இல் கோல்ட்பாக் என்பவர் இச்செய்தியை ஆய்லருக்கு எழுதி, அவர் கருத்தை வினவினார். பீட்டர்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த இளைஞராகிய ஆய்லர், 1732-இல் விடை கண்டார்: ஆறாவது எண் பகா எண் அன்று, 641 அதனை மீதியின்றி வகுக்கும், ஈவு 67,00,417.

இதனைக் கண்டுபிடித்தல் எளிதன்று. இவ்வெண் பகு எண்ணாயின், 65,536-க்கு உட்பட்ட பகா எண் ஒன்றேனும் இதனை வகுத்தல் வேண்டும். அத்தகைய பகா எண்கள் 6,542 உள. அத்தனையையும் ஒவ்வொன்றாக வைத்து வகுத்துப் பார்ப்பார் யார்? ஆனால் இதன் பகாக் காரணி எதுவும் 64-இன் மடங்கினும் ஒன்று மிகுந்ததாகவே இருக்கும் என்பதை ஆய்லர் பிற்காலத்தில் நிறுவினார். அவ்விதியைக் கைக்கொண்டால் சோதிக்க வேண்டியவை 193, 257, 449, 577, 641 என்பனவே. முதல் நான்கும் மீதி வைக்க, ஐந்தாவது வகுத்துவிடுகிறது.

நீண்ட வகுத்தலின்றியும் இவ்வுண்மையைக் காணலாம். நம் எண், இரண்டை 32 முறை எழுதிப் பெருக்கி ஒன்று கூட்டியதாகும். அம்முப்பத்திரண்டில் நான்கைப் பிரித்தெடுத்தால் 16 ஆகும். 16 என்பது 641-இல் 625 குறைந்தது. 625 என்பது நான்கு ஐந்துகளின் பெருக்கம். எஞ்சிய 28 இரண்டுகளையும் ஏழேழாக நான்கு கூறு செய்தால், ஒவ்வொரு கூறும் 128 ஆகும். ஓர் ஐந்தும் ஒரு 128-உம் பெருக 640 ஆதலின், நம் எண்ணானது 641-இன் ஒரு மடங்கிலிருந்து 640-இன் நான்காம் வர்க்கத்தைக் கழித்து, ஒன்றைக் கூட்டியதாகிறது. 640-இன் நான்காம் வர்க்கத்தை 641-ஆல் வகுத்தால் ஒன்றே மீதியாகும். கூட்டிய ஒன்று அதனை ஈடு செய்துவிடுகிறது. ஆகவே 641 வகுத்தே தீரும்.

இவ்வரிசையின் ஏழாவது எண் இருபது இலக்கம் உடையது. 1880-இல் லாண்ட்ரி என்பார் 2,74,177 என்பது அதன் காரணி எனக் காட்டினார். முப்பத்தொன்பது இலக்கமுடைய எட்டாவது பகு எண்ணே என்பது 1905-இல் தெளிந்தது. ஆயினும் அதன் காரணிகள் 1970-இல்தான், கணிப்பொறியின் துணையால், வெளிப்பட்டன. பெருக்குதல் எத்துணை எளிதோ, பெருக்கியதைப் பிரித்தல் அத்துணை அரிது.

65,537-க்கு அப்பால் இவ்வரிசையில் ஒரு பகா எண்ணேனும் இன்றுவரை அகப்படவில்லை. அங்ஙனமாயின், இனி ஒன்றும் இல்லை என்று துணிந்து கூறலாமோ? கூறலாகாது. அதனை நிறுவியவர் எவருமிலர். ஐந்து எண்களைக் கண்டு ஆறாவதையும் நம்பியது பெர்மாவின் பிழை. பல எண்களைக் கண்டு எஞ்சியவற்றையும் முடிவுகட்டினால், அதே பிழையை நாமும் செய்தவராவோம்.