டீக்கடை அண்ணன்கிட்ட ரெண்டு வார்த்தை

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. நேத்து முழுக்க, வீட்டு ஆளுங்க, ஆபீஸ் ஆளுங்களைத் தவிர எத்தனை பேர்கிட்ட வாய் திறந்து பேசுனீங்க?

ஒரு மாசத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா என் பதில் பூஜ்யம். டீக்கடையில ஒரு விரலைக் காட்டுவேன், க்யூஆர் ஸ்கேன் பண்ணுவேன், பணம் வந்துடுச்சுன்னு அந்தக் குட்டி ஸ்பீக்கர் சொல்லும். நானும் பேச மாட்டேன், டீ போடுற அண்ணனும் பேச மாட்டார். பெட்டி மட்டும்தான் பேசும். ஆட்டோ, சாப்பாடு, மளிகை எல்லாத்துக்கும் ஆப். வேலைக்காக ஊரை விட்டு வந்து பிஜியில தனியா இருக்கிறவங்களுக்குத் தெரியும், சனிக்கிழமை சாயங்காலம் அம்மா போன் பண்ணும்போதுதான் அன்னைக்கு முதல் தடவையா குரலே வெளிய வரும். தொண்டையைச் செருமிட்டுதான் 'சொல்லும்மா'ன்னு ஆரம்பிக்கணும்.

இந்த மாதிரி சின்னப் பேச்சுகளைப் பத்தி ஆராய்ச்சி பண்ணவர் ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம்னு ஒரு உளவியலாளர். கனடாவுல டொராண்டோவுல படிச்சப்போ, அவங்க போற வழியில ஹாட் டாக் விக்கிற ஒரு அம்மா இருந்தாங்க. பாக்கிறப்பெல்லாம் ஒரு சிரிப்பு, ஒரு கையசைப்பு, அவ்வளவுதான் உறவு. ஆனா அந்த அம்மா இல்லாத நாள்ல இவங்களுக்கு ஏதோ குறையுற மாதிரி இருந்திருக்கு. அந்த ஏதோ என்னன்னு பிற்பாடு சோதிச்சே பாத்துட்டாங்க.

எலிசபெத் டன்னோட சேர்ந்து அவங்க பண்ண ஆய்வு 2014ல வெளிவந்துச்சு. காபி ஷாப்புக்கு வந்தவங்கள்ல பாதிப் பேர்கிட்ட, காபி போடுறவரைப் பார்த்துச் சிரிங்க, ரெண்டு வார்த்தை பேசுங்கன்னு சொன்னாங்க. மீதிப் பேர்கிட்ட, காசை ரெடியா வச்சுக்கிட்டு சட்டுன்னு வாங்கிட்டு வாங்கன்னு சொன்னாங்க. பேசிட்டு வந்தவங்கதான் அதிக சந்தோஷமா இருந்தாங்க. 'நானும் இந்த இடத்தைச் சேர்ந்தவன்'ங்கிற உணர்வு அவங்களுக்குக் கூடியிருந்துச்சு.

அதே வருஷம் நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் சிகாகோ புறநகர் ரயில்ல இதையே பாத்தாங்க. சிலரைப் பக்கத்து சீட்காரர்கிட்ட பேசச் சொன்னாங்க, சிலரை அமைதியா தனியா இருக்கச் சொன்னாங்க. பேசினவங்களுக்குத்தான் பயணம் நல்லா இருந்துச்சு. ஆனா வேற ஒரு குரூப்கிட்ட 'எது நல்லா இருக்கும்?'னு முன்கூட்டியே கேட்டப்போ, தனியா இருக்கிறதுதான்னு சொல்லியிருக்காங்க. நம்ம கணிப்பு தப்பாகிற இடம் இதுதான். பக்கத்துல இருக்கிறவருக்குப் பேச இஷ்டமில்லைன்னு நாம நினைக்கிறோம். அவர் நம்மளைப் பத்தி அதையே நினைக்கிறார். ரெண்டு பேரும் போனைப் பாத்துக்கிட்டே இறங்கிப் போயிடுறோம்.

சிகாகோவுல நடந்ததை அப்படியே இங்க கொண்டு வந்து ஒட்ட முடியாது, அதையும் சொல்லணும். ஒரு பொண்ணு தெரியாத ஆம்பளைகிட்ட பேச்சுக் கொடுத்தா, அது எங்கெங்க போய் நிக்கும்னு கேட்கிற உங்களுக்கே தெரியும். ஆனா சென்னை மின்சார ரயில் லேடீஸ் கோச்சுல இந்தப் பிரச்சினை கம்மி. பூ தொடுத்துக்கிட்டே, கீரை ஆய்ஞ்சுக்கிட்டே மொத்தக் குடும்பக் கதையும் ஓடும். எந்த ஆய்வும் படிக்காம அவங்க கண்டுபிடிச்சுட்டாங்க. பசங்க, நீங்க டீக்கடை, வாட்ச்மேன் தாத்தா, அயர்ன் கடைக்காரர்னு ஆரம்பிங்க. ஹெட்செட் மாட்டிட்டு ஒதுங்கி உக்காந்திருக்கிற பொண்ணை விட்டுடுங்க, ப்ளீஸ்.

கூச்ச சுபாவம் உள்ளவங்களுக்கு: நீளமாப் பேச வேண்டாம். 'இன்னைக்கு என்ன, இவ்வளவு கூட்டம்?' போதும். ஆனா வாரக்கணக்கா எதுவுமே பிடிக்காம, தூக்கம் இல்லாம இருந்தா, அதுக்கு டீக்கடைப் பேச்சு பத்தாது. டெலி மனஸ், 14416. கால் இலவசம், தமிழ்லயே பேசலாம்.

நான் ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு. அண்ணனுக்கு ஊர் பரமக்குடி. போன வாரம் காய்ச்சல்ல ரெண்டு நாள் போகல. மூணாவது நாள் விரலைக் காட்டறதுக்குள்ள கேட்டார், 'என்ன தம்பி, ஆளையே காணோம்?'