கணினி நஞ்சும் உய்த்துணர் முறையும்

புதுக்கடை நீதிமன்றங்களைச் சூழ்ந்த வீதிகளிலே சட்டத்தரணிகளின் அலுவலகங்களும் தட்டெழுத்து நிலையங்களும் நெருங்கியுள்ளன. வழக்குப் பத்திரங்கள் ஒருவர் கணினியினின்றும் மற்றொருவர் கணினிக்குப் பென் டிரைவ் வழியாகக் கைமாறுதல் ஆண்டு இயல்பு. அதனைப் பொருத்தியவுடன், ஐயத்துக்குரிய கோப்பொன்று காணப்பட்டதென்னும் எச்சரிக்கை திரையில் எழுமாயின் யாது செய்தல் வேண்டும்? அஞ்சி உடனே அழிப்போரும் உளர். பொருட்படுத்தாது மேற்செல்வோரும் உளர். இரு சாராரும் அவ்வெச்சரிக்கையின் தன்மையை அறியாதவரே. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினிக்கும் அதனை உடையார்க்கும் தீங்கு செய்யுமாறு எழுதப்பட்டவற்றை நச்சுநிரல் என்பர். ஐபிஎம் வகைக் கணினிகளைப் பற்றிய முதல் வைரஸ் எனப்படும் 'பிரெயின்' 1986ஆம் ஆண்டில் லாகூரைச் சேர்ந்த உடன்பிறந்தார் இருவரால் எழுதப்பட்டது. அவர்கள் தம் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அந்நிரலினுள்ளேயே பொறித்திருந்தனர்! இன்று அத்துணை வெள்ளையுள்ளத்தை எதிர்பார்த்தற்கில்லை.

நச்சுநிரலை அறியும் வழிகளுள் முதலாவது, முன்னரே பிடிபட்டவற்றின் அடையாளங்களைத் தொகுத்து வைத்து ஒப்பிடுதல். குற்றவாளியின் விரற்பதிவை ஒப்பிடுதல் போன்றது இது. ஆயின், முன் அறியப்படாத நிரல் இதற்கு அகப்படாது. பழைய நிரலும் தன் உருவைச் சிறிது மாற்றிக்கொண்டால் தப்பிவிடும். ஆதலின் உய்த்துணர் முறை தோன்றிற்று. இம்முறை 'இவன் யார்?' என வினவுவதில்லை. 'இவன் செய்கை எத்தகையது?' என வினவும். நிரல் தன் உள்ளுறையை மறைத்துச் சுருட்டி வைத்துள்ளதா, கணினி இயங்கத் தொடங்குந்தோறும் தானும் தொடங்குமாறு பதிந்துகொள்கின்றதா, சிறுபொழுதில் எண்ணற்ற கோப்புகளைத் திருத்துகின்றதா என நோக்கி ஒவ்வொன்றற்கும் புள்ளி இடும். கூட்டுத்தொகை வரம்பு கடப்பின் எச்சரிக்கும். புகை கண்டு நெருப்புண்மை துணிதலைத் தருக்க நூலார் அனுமானம் என்பர். இஃதும் அதுவே. பனியைப் புகையென மயங்கினால் விளைவது ஏதுப்போலி.

தமிழர்க்கு இம்மயக்கம் எளிதிற் புலப்படும் உதாரணம் ஒன்றுண்டு. விசைப்பலகையில் தட்டப்படுவதை இடைமறித்துத் தமிழ் எழுத்தாக்கித் தரும் மென்பொருள்களை நாம் பயன்படுத்துகின்றோம். கடவுச்சொற்களைக் களவாடும் நிரலும் விசைகளை அவ்வாறே இடைமறிக்கின்றது. செய்கை ஒன்று; கருத்து வேறு. கருத்தைக் காண மாட்டாத கருவி, தமிழ் எழுதத் துணைசெய்வதையும் கள்வனென ஐயுறக்கூடும்.

அடையாள ஒப்பீடும் இப்பிழைக்கு விலக்கன்று. 2010 ஏப்ரல் 21ஆம் நாள் மக்கபி நிறுவனம் அனுப்பிய புதிய அடையாளத் தொகுப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையா உறுப்பொன்றையே நஞ்செனக் கொண்டது. பல நாடுகளிற் கணினிகள் செயலிழந்தன. பிழையே செய்யாத கருவி இனி ஒருகால் வருமோ எனின், வாராது. எல்லா வைரஸ்களையும் வழுவின்றி அறியும் பொதுமுறை இருத்தல் இயலாதென அமெரிக்கராகிய பிரெட் கோகன் 1984இல் நிறுவினார். அத்தகைய கருவி ஒன்று உளதெனக் கொள்வோம். தன்னைப் பற்றி அக்கருவியிடமே கேட்டு, 'நஞ்சு' என்றால் வாளாவிருக்கவும், 'நஞ்சன்று' என்றால் பரவவும் ஒரு நிரலை எழுதிவிடலாம். எவ்விடை கூறினும் கருவி பொய்த்துவிடும்.

ஆகவே எச்சரிக்கை என்பது ஐயம், தீர்ப்பன்று. புதுக்கடையிற் பழகியோர்க்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஐயத்தின்பேரிற் பிடிபட்டவர் விளக்கமறியலில் வைக்கப்படலாம். விசாரணைக்கு முன் தண்டிக்கப்படுவதில்லை. கோப்பை இயங்கவொட்டாது தனிமைப்படுத்தும் வசதி காப்பு மென்பொருளில் உண்டு, அதுவே இவ்விளக்கமறியல். குற்றமற்றதெனக் கண்டால் மீட்கலாம். அழித்ததை மீட்டல் அரிது.

பின்னர் விசாரணை. முதற்கண் இணையத் தொடர்பைத் துண்டித்து, கோப்பின் பெயரையும் இருப்பிடத்தையும் குறித்துக்கொள்க. வெளியிட்டோரின் மின்கையொப்பம் உளதா எனப் பார்க்க. வைரஸ்டோட்டல் என்னும் சேவையிற் பல கருவிகளின் கருத்தை ஒருங்கே அறியலாம். எனினும், அதற்கு அனுப்பும் கோப்பு பிறர் கைக்கும் செல்லக்கூடும். கட்சிக்காரரின் இரகசியம் அடங்கிய பத்திரத்தை அங்ஙனம் அனுப்புதல் தகாது. கோப்பினின்றும் கணிக்கப்படும் சுருக்க எண்ணை மட்டும், ஐயமற்ற வேறொரு கணினியிலிருந்து அனுப்பி வினவலாம்.

நஞ்சென்பது உறுதியாயின், அக்கோப்பை அழித்தல் மட்டும் போதாது. தொடக்கப் பட்டியலிலும் நேரங்குறித்த பணிகளிலும் அது இட்ட வேர்களைக் களைதல் வேண்டும். விண்டோஸ் இயங்காத நிலையிற் சோதித்தல் இதற்கு நன்று. கடவுச்சொற் களவு நிகழ்ந்திருப்பின், வேறொரு கணினியிலிருந்து அவற்றை மாற்றி, பழுதுற்றதை முற்றத் துடைத்து மீள நிறுவுதலே தக்கது.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணயம் கேட்கும் நிரலோ வேறு வகை. அதனை அகற்றினாலும் பூட்டுத் திறவாது. கணினியோடு இணையாது வைத்த பிரதியே கைகொடுக்கும். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணிமையை இத்தகைய நிரலொன்று தாக்கிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவை விரைவில் மீண்டது. இணைப்பின்றி வைத்த பிரதி இல்லாமையால், மே 17ஆம் நாளுக்கும் ஓகஸ்ட் 26ஆம் நாளுக்கும் இடைப்பட்ட கடிதங்கள் மீளவில்லை.