சரக்கு மோட்டார்களுக்குப் பிளக் தேர்ந்தெடுத்தல்: தாமிரமா, இரிடியமா?

விளைந்த பொருளைக் களத்திலிருந்து சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதும் விவசாயத்தின் ஓர் அங்கமேயாகும். திண்டிவனம், மரக்காணம் பகுதிகளின் தர்பூசணியும், விழுப்புரம், செஞ்சி பகுதிகளின் நிலக்கடலையும் காய்கறிகளும் முற்காலத்தில் மாட்டு வண்டியிற் சென்றன. இப்பொழுது அவற்றிற் பெரும்பகுதி சிறு லாரிகளிற் செல்கின்றது. இத்தகைய வண்டிகளை வைத்திருக்கும் நிலச்சுவான்தார்களுக்கும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும், ஊராட்சிகளுக்கும் அடிக்கடி எழும் சந்தேகம் ஒன்று உண்டு. குறைந்த விலையுள்ள தாமிரப் பிளக்கே போதுமா, பன்மடங்கு விலை கொடுத்து இரிடியம் பிளக் வாங்க வேண்டுமா என்பதே அது. பார்வைக்கு இது சிறு செலவு. ஆயினும் பாரமேற்றிய வண்டி நள்ளிரவில் நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால், விடியற்காலைச் சந்தையின் விலை தவறிப்போகும். ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று ஆராய்ந்தறிவது நலம்.

எந்த வண்டிக்குப் பிளக் உண்டு?

முதலில் அறிய வேண்டுவது, எல்லா லாரிகளுக்கும் இப்பிளக் கிடையாது என்பதாம். கிணற்றடியில் ஆயில் இஞ்சின் ஓட்டிப் பழகிய குடியானவர்கள் இதை எளிதில் உணர்வர். டீசல் இஞ்சினில் காற்று மட்டும் உள்ளிழுக்கப்பட்டு, மிகவும் அழுத்தப்படுகின்றது. அந்த அழுத்தத்தினால் காற்றின் வெப்பம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏறுகின்றது. அதன்மேல் தூவப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கின்றது. தீப்பொறி தேவையில்லை. சில டீசல் வண்டிகளில் காணப்படும் 'குளோ பிளக்' குளிர்ந்த இஞ்சினைச் சூடாக்குவதற்கு மட்டுமே உதவும். அது வேறு பொருள்.

பெட்ரோல் இஞ்சினிலும் சி.என்.ஜி. எனப்படும் அழுத்தப்பட்ட இயற்கை வாயு இஞ்சினிலும், எரிபொருளும் காற்றும் கலந்தே அழுத்தப்படுகின்றன. தக்க தருணத்தில் அக்கலவையைக் கொளுத்துவது பிளக்கின் தீப்பொறியே. மதராஸ் மாகாண நாட்களில் ஓடிய லாரிகளிற் பல பெட்ரோல் வண்டிகள். இரண்டாம் உலகப் போர்க்காலப் பெட்ரோல் பங்கீட்டின்போது பஸ்கள் கரிவாயுவிலும் ஓடின. அவற்றிற்குப் பிளக் உண்டு. பின்னர் டீசல் பரவவே, லாரிக்காரர்கள் பிளக்கை மறந்தனர். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த டாட்டா ஏஸ் என்னும் சிறு லாரியும் முதலில் டீசல் வண்டியே. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி முதல் பாரத் நிலை 6 என்னும் புகை விதி அமலுக்கு வந்தது. டாட்டா ஏஸ், மாருதி சூப்பர் கேரி முதலிய சிறு லாரிகள் இப்பொழுது பெட்ரோலிலும் சி.என்.ஜி.யிலும் ஓடுகின்றன. ஆகவே பிளக்கைப் பற்றிய அறிவு மீண்டும் அவசியமாகிவிட்டது.

தாமிரம் என்ற பெயரின் பொருள்

வண்டியின் 12 வோல்ட் மின்சாரத்தைக் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகின்றது. அம்மின்சாரம் பிளக்கின் நடுமுனையிலிருந்து பக்கமுனைக்குத் தாவும்போது பொறி தோன்றுகின்றது. கடைத்தெருவில் 'தாமிரப் பிளக்' என்று விற்கப்படுவதில் பொறி பறக்கும் முனை தாமிரமன்று. அது நிக்கல் கலப்பு உலோகம். தாமிரம் 1085 டிகிரியில் உருகக்கூடியது, மெதுவானதுமாகும். அதனால் முனையாக நிற்க அதற்கு வலுவில்லை. ஆனால் வெப்பத்தை விரைவாகக் கடத்தும் சக்தி அதற்குண்டு. ஆதலால் அது நடுமுனையின் உள்ளே தண்டாக வைக்கப்பட்டு, சூட்டை இஞ்சினின் தலைப்பகுதிக்கு இறக்கிவிடுகின்றது. இரிடியம் பிளக்குகளிலும் உட்தண்டு பெரும்பாலும் தாமிரமே. எனவே 'தாமிரமா, இரிடியமா' என்று கேட்பது, கொழுவைப் பாராமல் கலப்பைக் கட்டையைப் பார்த்து விலை பேசுவதைப் போன்றது. உண்மையான வினா, முனை நிக்கலா, இரிடியமா என்பதே.

இரிடியத்தின் குணம்

இரிடியம் என்பது 1803ஆம் ஆண்டில் ஸ்மித்ஸன் டென்னன்ட் என்னும் ஆங்கில ரசாயன சாஸ்திரி கண்டறிந்த உலோகம். பிளாட்டினத்தின் இனத்தைச் சேர்ந்தது, மிகவும் அரியது, கடினமானது. நிக்கல் 1455 டிகிரியில் உருகும். இரிடியம் உருக 2446 டிகிரி வேண்டும். ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து அணுவளவு உலோகத்தை அரித்துச் செல்கின்றது. நிக்கல் முனை மெல்லியதாயின் சீக்கிரம் தேய்ந்துபோகும். அதனால் அதைச் சுமார் 2.5 மில்லிமீட்டர் பருமனாகச் செய்கின்றனர். இரிடியம் முனையை 0.4 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை மெல்லியதாகச் செய்தாலும் அது தாங்கும்.

மெல்லிய முனையினால் இரு நன்மைகள் உண்டு. கூரிய நுனியிலிருந்து மின்சாரம் எளிதாகத் தாவுவதால் காயிலுக்குப் பாரம் குறைகின்றது. மேலும், புதிதாகப் பிறக்கும் சிறு சுவாலையின் சூட்டைப் பருத்த உலோகம் உறிஞ்சி அணைப்பதைப்போல், மெல்லிய முனை செய்வதில்லை.

ஆனால் இதிலிருந்து, இரிடியம் போட்டவுடன் வண்டியின் இழுவையும் மைலேஜும் மிகுந்துவிடும் என்று கொள்ளலாகாது. நல்ல நிலையிலுள்ள நிக்கல் பிளக்கும் கலவையை முழுவதும் கொளுத்தவே செய்கின்றது. தேய்ந்த பழைய பிளக்கைக் கழற்றிப் புதியதை மாட்டியவர் காணும் வித்தியாசம் பெரும்பாலும் புதுமையினால் வந்தது. புதிய நிக்கல் பிளக்கும் அதைத் தந்திருக்கும். இரிடியத்தின் மெய்யான பலன் நீண்ட ஆயுளே.

செலவுக் கணக்கு

நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி வீதம் ஒவ்வொரு பிளக்கும் பொறி தரவேண்டும். இஞ்சின் நிமிஷத்திற்கு 3000 சுற்றுச் சுற்றி, வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், ஒரு கிலோமீட்டருக்கு 1500 பொறிகள். 20,000 கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஒரு பிளக் 3 கோடி பொறிகளைத் தந்துவிடுகின்றது.

நிக்கல் பிளக்கின் ஆயுளை 20,000 கிலோமீட்டர் என்றும், இரிடியம் பிளக்கினுடையதை 80,000 கிலோமீட்டர் என்றும் உதாரணத்திற்காகக் கொள்வோம். வண்டிக்குரிய சரியான அளவு அதன் கைப்புத்தகத்திற் கண்டபடியே. நிக்கல் பிளக் ஒன்று 150 ரூபாய், இரிடியம் 600 ரூபாய் என்றால், விலையும் நான்கு மடங்கு, ஆயுளும் நான்கு மடங்கு. கிலோமீட்டருக்கு ஆகும் செலவு சமமே. ஆகவே குடியானவர் நினைவில் வைக்கத்தக்க விதி யாதெனில், விலை எத்தனை மடங்கோ அத்தனை மடங்குக்கு மேல் ஆயுள் இருந்தால் இரிடியம் லாபம், குறைந்தால் நஷ்டம். சமமாயிருந்தால், கழற்றி மாட்டும் கூலியும் வண்டி நிற்கும் நேரமும் தீர்மானிக்கும்.

இனி ஓட்டத்தைப் பார்ப்போம். திண்டிவனத்திலிருந்து சென்னைக் கோயம்பேட்டு அங்காடிக்குப் போய்வரச் சுமார் 250 கிலோமீட்டர். வாரம் நான்கு நடை செல்லும் வண்டி வருஷத்திற்கு ஏறக்குறைய 50,000 கிலோமீட்டர் ஓடும். அதற்கு நிக்கல் பிளக் வருஷத்தில் இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும். ஒரு முறை மறந்தாலும் வழியில் தொல்லை. இவ்வண்டிக்கு இரிடியம் தக்கது. இதற்கு மாறாக, வயலுக்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்குமாக வருஷத்திற்கு 6000 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு நிக்கல் பிளக்கே மூன்று வருஷம் வரும். அதில் இரிடியத்தின் ஆயுளைத் தீர்க்கப் பதின்மூன்று வருஷமாகும். அதற்குள் புகைக்கரியோ, எண்ணெய்ப் படிவோ, பீங்கான் விரிசலோ பிளக்கைக் கெடுத்துவிடலாம். இவ்வண்டிக்கு இரிடியம் வீண் செலவு.

தோளிற் சுமக்கும் பவர் ஸ்பிரேயர், புல் வெட்டும் இயந்திரம் முதலிய இரண்டு ஸ்ட்ரோக் கருவிகளுக்கும் நிக்கலே போதுமானது. அவற்றில் பெட்ரோலுடன் எண்ணெயும் கலந்து எரிவதால், முனை தேயுமுன் பிளக் கரி பிடித்துக் கெடுவதே வழக்கம்.

சி.என்.ஜி. வண்டிகள்

வாயுக் கலவையிற் பொறி தாவுவதற்குப் பெட்ரோல் கலவையைவிட அதிக வோல்ட் வேண்டியிருக்கின்றது. முனையும் விரைவிற் தேய்கின்றது. இடைவெளி அகன்றால், பாரமேற்றி மேட்டில் ஏறும்போது இஞ்சின் மிஸ்ஸிங் ஆகும். அதைக் கவனியாமல் ஓட்டினால் காயில் பழுதாகும். எரியாத எரிபொருள் புகைக்குழாய்க்குச் சென்று, அங்குள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டர் அளவுமீறிச் சூடேறிக் கெடும். அதன் விலை பிளக்கின் விலையைப்போற் பன்மடங்கு. ஆதலால் சி.என்.ஜி. வண்டிக்கு உற்பத்தியாளர் குறிப்பிட்ட பிளக்கையே, குறிப்பிட்ட இடைவெளியுடன், குறிப்பிட்ட காலத்தில் மாற்றவேண்டும்.

உலோகத்தினும் முக்கியமானவை

பிளக் வாங்கும்போது உலோகத்திற்கு முன் மூன்று பொருத்தங்களைப் பார்க்கவேண்டும். முதலாவது, மரையின் விட்டமும் நீளமும். நீளம் மிகுந்தால் பிஸ்டனில் இடிக்கக்கூடும். இரண்டாவது, வெப்ப எண். பிளக்கின் நுனி சுமார் 450 டிகிரிக்கு மேலிருந்தால்தான் கரி தானே எரிந்து சுத்தமாகும். 800 டிகிரியை மிகவும் தாண்டினால் பொறிக்கு முன்னரே கலவை பற்றி இஞ்சின் கெடும். என்.ஜி.கே., டென்ஸோ பிளக்குகளில் எண் ஏற ஏறப் பிளக் குளிர்ந்தது. பாஷ் பிளக்குகளில் எண் ஏற ஏறச் சூடானது. இதை அறியாமல் எண்ணை மட்டும் பார்த்து மாற்றுவோர் மோசம் போவர். மூன்றாவது, உள்ளே மின்தடை உள்ள பிளக்கா என்பது. கம்ப்யூட்டர் பொருத்திய தற்கால இஞ்சின்களுக்குத் தடையில்லாத பிளக் உதவாது.

வண்டி இரிடியம் பிளக்குடனே வந்திருந்தால் செலவைக் கருதி நிக்கலுக்கு இறங்கலாகாது. நிக்கலுடன் வந்த வண்டிக்கு, மேற்கண்ட மூன்றும் ஒத்திருந்தால், இரிடியம் போடத் தடையில்லை.

மாட்டுதலும் சோதித்தலும்

இஞ்சின் நன்கு ஆறியபின்னரே பிளக்கைக் கழற்றவேண்டும். சுற்றிலுமுள்ள புழுதியை முன்னதாக ஊதிப் போக்கவேண்டும். புதிய பிளக்கைக் கையால் முழுவதும் திருகியபின், வாஷர் உள்ள வகையாயின் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்குச் சுற்று வரை ஸ்பேனரால் இறுக்கினால் போதும். நிக்கல் பிளக்கின் இடைவெளியைக் கேஜ் வைத்துப் பக்கமுனையை மட்டும் அசைத்துச் சரிப்படுத்தலாம். இரிடியம் முனையைக் கம்பிப் பிரஷால் தேய்ப்பதும், நெம்புவதும் கூடா. அம்மெல்லிய நுனி ஒடிந்துவிடும்.

கழற்றிய பிளக் இஞ்சினின் நாடியைப் போன்றது. நுனி இளம் பழுப்பாயிருந்தால் எல்லாம் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகுதி, அல்லது ஏர் பில்டர் அடைப்பு. எண்ணெய் நனைந்திருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வு ஸீலோ தேய்ந்துள்ளது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அளவுமீறிய சூடு. இக்குறைகளில் எதற்கும் இரிடியம் மருந்தன்று. காரணத்தைத் தீர்க்காமல் விலையுயர்ந்த பிளக்கை மாட்டினால் அதுவும் கெடும்.

ஊராட்சியோ சங்கமோ வண்டி வைத்திருப்பின், பிளக் மாற்றிய தேதி, மீட்டர் கணக்கு, பிளக்கின் எண் ஆகிய மூன்றையும் வண்டிப் பதிவேட்டிற் குறித்தல் அதிகாரிகளின் கடமை. போலிச் சரக்கு கடைகளில் உலவுவதால், பில்லுடன் வாங்கி, பில்லைப் பதிவேட்டுடன் சேர்த்து வைக்கவேண்டும்.

சுருங்கச் சொல்லின், நெடுந்தூரம் நித்தம் ஓடும் வண்டிக்கு இரிடியமும், ஊரளவில் ஓடும் வண்டிக்கும் சிறு கருவிகளுக்கும் நிக்கலும், டீசல் வண்டிக்கு இரண்டுமின்மையும் பொருந்தும். எதை வாங்கினும் கைப்புத்தகத்தின் எண்ணே பிரமாணம். தர்பூசணிப் பருவம் தொடங்குமுன்னரே பிளக்குகளைக் கழற்றிப் பார்த்துவிடுதல் உத்தமம்.