இல்லத்தில் இயற்கைக் காட்சிப் படங்கள்

வைகை பிறக்கும் வருசநாட்டில், வாயிலில் நின்று நோக்கினாலே மலைத்தொடர் தோன்றும். அத்தகைய ஊரில் வாழ்வார்க்கு மலைப் படம் வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். வேண்டும் என்பதே எம் கருத்து. நாள்தோறும் கண்முன் நிற்பதனை நாம் கூர்ந்து நோக்குவதில்லை. ஓவியன் கண்ட வண்ணம் கண்ட பின்னரே நம் கண்ணும் திறக்கின்றது.

தாமஸ் டேனியல் என்பாரும் அவர்தம் உடன்பிறந்தார் மைந்தர் வில்லியமும் 1792-இல் தென்னாட்டிற் சுற்றி, மலைகளையும் கோயில்களையும் வரைந்தனர். அவர்கள் இந்நாட்டிற் கண்ட காட்சிகள் 1795 முதல் 1808 வரை இலண்டனில் 144 அச்சுப் படங்களாக வெளிவந்தன. பாபநாசம் அருவியும் அவற்றுள் ஒன்று. செப்புத் தகட்டிற் குங்கிலியப் பொடியைப் படியவைத்து, அமிலத்தால் அரித்து, மையிட்டு அச்சிட்டுப் பின்னர்க் கையால் வண்ணந் தீட்டினர். இவற்றின் மறுபதிப்புகள் இன்றும் கிடைக்கின்றன.

படம் தெரிவு செய்யுங்கால் விலையையும் பொன் முலாம் பூசிய சட்டத்தையும் நோக்கற்க. பன்முறை பார்த்தும் சலியாததே நல்ல படம். சிறிய அறைக்குத் தொலைவானம் காட்டும் படம் ஏற்றது. அஃது அறைக்கு அகலம் தரும். ஒரே சுவரிற் பல படங்களை நெருக்கினால் கண் இளைக்குமேயன்றி மகிழாது.

இனி, மாட்டும் இடம். நின்று காணும் இடத்திற் படத்தின் நடுப்பகுதி தரையினின்று ஏறக்குறைய 145 சென்டிமீட்டர் உயரத்தில் அமைதல் நன்று. பாயில் அமரும் கூடத்தில் இன்னும் தாழ்த்துக. வெயில் நேரே படும் சுவரை விலக்குக; வெயிலில் வெளுத்த வண்ணம் மீளாது. மழைநீர் ஊறும் சுவரும் ஆகாது. கண்ணாடி தாளை ஒட்டாதவாறு இடையே அட்டைச் சட்டம் வைத்தல் வேண்டும். ஒட்டினால் ஈரம் தங்கிப் பூஞ்சை பற்றும். சட்டத்தின் பின்புறக் கீழ்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்று உலவும்.

நம் இல்லங்களில் மறைந்த முன்னோரின் படங்களை மாட்டி மாலை சூட்டுகின்றோம். மலைப் படமும் அந்நிலை எய்தலாகாது. வருசநாட்டு மலைக்காடுகளை உள்ளடக்கிய திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் 2021-இல் அமைந்தது. எனினும் காடு காத்தல் அரசின் கடன் மட்டுமன்று. படத்தைப் பேணி மலையை இழப்போமாயின், சுவரில் இருப்பது மாண்டாரின் உருவமே ஆகும். ஆதலின், மாணவ நண்பர்காள்! நல்லதொரு படத்தை மாட்டுக. பின்னர் வாயிலுக்கு வந்து மலையையும் நோக்குக.