பிறப்பிடமும் வதிவிடமும்

நமது பத்திரிகைகளில் மரண அறிவித்தல்கள் வெளியாகும் பக்கத்தை ஒருமுறையேனும் கருத்தோடு நோக்கியவர்களுக்கு ஒரு வாசகம் நன்கு பழகியிருக்கும். "யாழ்ப்பாணம் இணுவிலைப் பிறப்பிடமாகவும், கனடா ஸ்காபறோவை வதிவிடமாகவும் கொண்ட" என்று அது தொடங்கும். இணுவிலுக்குப் பதிலாகக் கரவெட்டி என்றிருக்கலாம், வேலணை என்றிருக்கலாம். ஸ்காபறோவின் இடத்தில் இலண்டனோ பாரிசோ வரலாம். இரண்டு சொற்களையும் இணைப்பது ஓர் 'உம்' மாத்திரமே. அந்த 'உம்'முக்குள் 13,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரமும் ஒருவருடைய பாதி ஆயுளும் அடங்கிக் கிடக்கின்றன.

ஒரு மாரியையும் ஒரு கோடையையும் ரொறன்ரோ மாநகரிலே கழித்து வந்துள்ள நாம், இவ்விரண்டு இடங்களையும் ஒப்புநோக்கிச் சில கூற விழைகின்றோம். இது சுற்றுலாக் கதையன்று. நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றியும், 553 மீற்றர் உயர்ந்து நிற்கும் சீ.என். கோபுரத்தைப் பற்றியும் எழுத வேறு பலர் உளர். வடபகுதியிலே இன்று அநேக வீடுகளில் எழுந்துள்ள ஒரு கேள்வியை முன்வைத்தே நாம் எழுதுகின்றோம். கணவனை இழந்து தனித்துப்போன தாயை வெளிநாட்டுக்கு அழைப்பதா, ஊரிலேயே விட்டுவைப்பதா என்பதே அக்கேள்வி.

ஊரைவிட்டுப் போவது நமக்குப் புதிய செய்தியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே யாழ்ப்பாணத்து இளைஞர் ஆங்கிலமும் கணக்கும் கற்றுக்கொண்டு மலாயாவுக்குக் கப்பலேறினர். புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராக இருந்து, ஓய்வூதியத்தோடு ஊருக்கு மீண்டு, கல்வீடு கட்டிச் சாய்மனைக் கதிரையிலே இறுதிக் காலத்தைக் கழித்தனர். 'மலாயன் பென்சனியர்' என்பது அந்நாளில் ஒரு பட்டம் போலவே வழங்கியது. அவர்களுக்கு வதிவிடம் தற்காலிகமானது, பிறப்பிடம் நிலையானது.

கனடாவுக்குப் போனவர்களின் கதை வேறு. அவர்களுட் பெரும்பாலானோர் 1983 யூலைக்குப் பின்னர் உயிரைக் காத்துக்கொள்ளப் போனவர்கள். 1986 ஓகஸ்டிலே நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை அந்நாட்டு மீனவர் மீட்டனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக இடம்பெயர்ந்த பின்னர் மேலும் பலர் போயினர். ஓய்வூதியத்துடன் ஊர் திரும்புவது என்ற எண்ணத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை. தாம் திரும்ப முடியாதபோது தாயைத் தம்மிடம் வரவழைப்பதே அவர்களுக்கு எஞ்சிய வழியாயிற்று.

வேலியும் பொட்டும்

ஊரிலே ஒரு மூதாட்டியின் பொழுது முற்றத்திலே தொடங்குகின்றது. கிழக்கு வெளுக்குமுன் எழுந்து, முற்றங் கூட்டி, கிணற்றடியிலே முகங்கழுவி, திருநீறு பூசித் தேநீர் குடித்து முடிப்பதற்குள் வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்துவிடும். யாழ்ப்பாணத்து வேலியைச் சுட்டிக்காட்டி, நம்மவர் தம்மை மூடிக்கொண்டு வாழ்பவர் என்று கூறுவோருண்டு. அவர்கள் வேலியின் உயரத்தைக் கண்டார்களேயன்றி, அதிலுள்ள பொட்டைக் காணவில்லை. கிளுவைக் கதியாலுக்கும் கிடுகுக்கும் இடையே ஓராள் குனிந்து புகத்தக்க அந்தப் பொட்டின் வழியாகத்தான் கறிவேப்பிலை போகும், மோர் வரும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வந்த சம்பந்தப் பேச்சும் வரும்.

படலையைத் திறந்து ஒழுங்கையிலே இறங்கினால், "எங்கை ஆச்சி போறியள்?" என்ற கேள்வி எதிர்ப்படும். "உதிலை கோயிலடிக்கு" என்றோ, "சும்மா உப்பிடி" என்றோ விடை சொல்லலாம். விடை எதுவாயினும் பாதகமில்லை. கேட்டவருக்கும் அது தெரியும். நேற்றுக் கண்டவர் இன்றும் நடமாடுகின்றார் என்று கணக்கிலே பதிந்துகொள்ளும் முறை அது. ஒருவரை இரண்டு நாள் ஒழுங்கையிலே காணாவிட்டால் மூன்றாம் நாள் படலையைத் தட்டுவார்கள்.

சந்தைக்குப் போனாற் கத்தரிக்காய்க்கு விலை பேசுவது காசுக்காக மாத்திரமன்று. ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும், நல்லூர்க் கந்தனுக்கு 25 நாள் திருவிழாவும் என்று ஆண்டு நகர்கின்றது. இழவு விழுந்த வீட்டிலே எட்டுக்கு என்ன படைப்பது, முப்பத்தொன்றுக்கு யார் யாருக்குச் சொல்லியனுப்புவது, குழந்தை பெற்றவளுக்குப் பத்தியக் கறிக்குச் சரக்கு எவ்வளவு அரைப்பது என்பவற்றையெல்லாம் இந்த ஆச்சியிடமே வந்து கேட்பார்கள். கண்பார்வை மங்கலாம், முழங்கால் நோகலாம். ஆயினும் அவர் ஊருக்குத் தேவைப்படுகின்றார்.

சன்னலுக்கு உட்புறம்

இதே ஆச்சி தை மாதத்திலே ஸ்காபறோவில் வந்திறங்குகின்றார் என்று வைத்துக்கொள்வோம். 1998இல் ரொறன்ரோ மாநகரோடு இணைக்கப்படும் வரை ஸ்காபறோ தனி நகரமாயிருந்தது. இப்போது அதன் வீதியோரங்களில் முருங்கைக்காயும் ஒடியல் மாவும் விற்கும் கடைகளைக் காணலாம். தமிழ் அறிவித்தற் பலகைகளையும் காணலாம். வந்த புதிதில் அவருக்கு வியப்புக்குக் குறைவில்லை. குழாயைத் திருகினால் வெந்நீர் வருகின்றது. வெளியே பூச்சியத்துக்குக் கீழ் பத்துப் பாகை குளிராயிருக்க, வீட்டினுள்ளே சேலையோடு உலாவலாம்.

பிரச்சினை இரண்டாம் கிழமையிலே ஆரம்பிக்கின்றது. மகனும் மருமகளும் விடியுமுன் வேலைக்குப் போய்விடுவர்; பிள்ளைகளைப் பாடசாலை பஸ் ஏற்றிச் செல்லும். காலை எட்டரை மணிக்கு வீட்டிலே ஆச்சியும் குளிர்சாதனப் பெட்டியின் முனகலுமே மிஞ்சும். யாழ்ப்பாணத்திலே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றே அதிகம். ரொறன்ரோவிலோ மார்கழியிற் பகல் ஒன்பது மணித்தியாலத்துக்கும் குறைவு. ஆனியிலே பதினைந்துக்கும் அதிகம். பின்னேரம் ஐந்து மணிக்கு முன்பே இருண்டுவிடும் நாட்களிலே, விளக்கு வைக்கும் நேரம் எதுவென்று ஆச்சி தடுமாறுகின்றார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து விளக்கேற்றும் வழக்கம் அவருக்கு எழுபது வயதுவரை இருந்ததில்லை.

குளிரைப் பற்றியே எல்லோரும் எச்சரிக்கின்றனர். குளிருக்குக் கம்பளிச் சட்டையுண்டு, சப்பாத்துண்டு. ஓசையில்லாத பகலுக்கு எதை உடுப்பது? கதவைத் திறந்து வெளியே போகலாமே என்று வாசகர் கேட்கலாம். போகலாம், போய் எங்கே சேர்வது? அந்நகரத்தின் புறப்பகுதிகள் மோட்டார் வண்டியை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை. ஆறு, எட்டு ஒழுங்கைகள் அகலமான தெருவைக் கடந்து, உறைந்து வழுக்கும் நடைபாதையிலே அரை மணி நேரம் நடந்தாற்றான் கடையைக் காணலாம். கோயில்கள் சில களஞ்சியசாலைகள் நிறைந்த பகுதிகளிலே இருக்கின்றன. ஊரிலே கால் கொண்டுபோய்ச் சேர்த்த இடங்களெல்லாம், அங்கே மகனுடைய விடுமுறை நாளைப் பார்த்துக் காத்திருக்கின்றன.

வடமராட்சியிலிருந்து வந்து மகளுடன் தங்கியிருந்த ஓர் அம்மையார் நம்மிடம் கூறியதை அவர் மொழியிலேயே தருகின்றோம்: "இஞ்சை எல்லாம் இருக்குது. ஆனா என்னட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை." மகள் அன்புடையவர், மருமகனும் மரியாதை தெரிந்தவர். பேரப்பிள்ளைகள் "அம்மம்மா" என்று தமிழிலே தொடங்கி, மிகுதியை ஆங்கிலத்திலே முடிப்பவர்கள். சமையலுக்குப் பக்கத்துக் கடையிலே வாங்கிய கறித்தூள், சந்தேகத்துக்குக் கைத்தொலைபேசி. அம்மையாரிடம் கேட்பதற்கு அந்த வீட்டிலே எதுவும் இருக்கவில்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டு, ஊரே உயர்ந்தது என்று தீர்ப்பெழுத நாம் ஆயத்தமில்லை. ஒழுங்கையிலே ஆச்சியை நலம் விசாரித்த அதே கேள்வி, இளம்பெண் ஒருத்தியை வழிமறித்தும் நின்றது. "நீ ஆற்றை மகள்?" என்று கேட்டவர்கள் அவளுடைய பெயரை அறிய விரும்பிக் கேட்கவில்லை, பகுதியை அறியவே கேட்டார்கள். குடிநீர்க் கிணற்றிலும் தேநீர்க் கடையிலும் கோயில் வாசலிலும் அந்த விடைக்கேற்ப மனிதர் பிரிக்கப்பட்டனர். 1957இலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்ததை நாம் மறைக்க இயலாது. அந்தக் கிணற்றிலே அள்ள விடப்படாதவரின் பேத்தி, ரொறன்ரோவிலே குழாயைத் திருகும்போது எவரும் எதுவும் கேட்பதில்லை. மூதாட்டிக்குத் தனிமையாய்ப் படும் அதே மௌனம் இவளுக்கு விடுதலையாய் இருக்கின்றது. எனினும் சாதி விமானத்தில் ஏறவில்லை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். கலியாணப் பேச்சு எழும் வீடுகளிலே அது இன்றும் கதிரை போட்டு அமர்ந்திருக்கின்றது. 2023 மார்ச்சிலே ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபை சாதி ஒடுக்குமுறையைக் கவனத்துக்கு எடுத்துத் தீர்மானம் நிறைவேற்றியதும் வீணாக அன்று.

மூதாட்டிகள் எல்லோரும் சன்னலருகே அமர்ந்துவிடுவதுமில்லை. முதியோர் சங்கங்களிலே சேர்ந்து, பஸ் ஏறப் பழகி, தம் விருப்பப்படி உலாவுவோரையும் கண்டோம். சில்லு நாற்காலியோடு வருபவருக்காகப் பஸ் தன் படியைத் தாழ்த்திப் பலகை விரித்துக் காத்துநிற்பதை, நம் ஊரிலே மிதிபலகையிற் தொங்கிப் பயணஞ் செய்தவர்கள் ஒருமுறை பார்க்கவேண்டும். அந்நகரப் பொதுநூலகத்துக்கு 100 கிளைகள் உள்ளன. அவற்றுட் சிலவற்றிலே தமிழ் நூல்களும் உண்டு. 1981இல் எரியுண்ட நூலகத்தை நினைவிலே சுமப்பவர்களுக்கு அந்த அலுமாரிகளின் முன் நிற்பது எளிதன்று.

ஊரும் விட்டுச்சென்றபடி காத்திருக்கவில்லை. கிடுகுவேலி நின்ற இடத்திலே வெளிநாட்டுக் காசில் எழுந்த மதில் நிற்கின்றது. மதிலிலே பொட்டு இல்லை. துலா போய் மின்மோட்டார் வந்துவிட்டது. 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014 ஒக்டோபரிலே மீண்டும் ஓடத் தொடங்கியது. ஆனால் அது கொண்டுவந்து சேர்ப்பவர்களுட் பலர் இரண்டு கிழமை விடுமுறையிலே வருபவர்கள். பத்து வீடுள்ள ஒழுங்கையிலே நான்கு வீடு பூட்டிக் கிடந்தால், "எங்கை ஆச்சி போறியள்?" என்று கேட்க எவர் இருக்கின்றார்? எட்டுச் செலவுக்கும் இப்போது சமையற்காரரிடம் மொத்தமாக ஒப்படைத்துவிடுகின்றார்கள். பிள்ளைகளின் நினைவிலுள்ள ஊரிலே தாய் வாழவில்லை. இன்றைய ஊரிலே வாழ்கின்றார்.

அழைக்குமுன்

ஆகவே அழைக்க எண்ணுவோர் குளிரைவிட வேறு சிலவற்றைக் கணக்கிலெடுத்தல் வேண்டும். பெற்றோருக்கும் பேரன் பேத்திமாரைக் காணவரும் முதியோருக்குமெனக் கனடா 2011 டிசம்பரிலே 'சுப்பர் விசா' என்பதை ஏற்படுத்தியது. 2022 யூலையிலிருந்து ஒரு வருகைக்கு ஐந்தாண்டு வரை தங்க அது இடமளிக்கின்றது. அவ்வாறு வருபவருக்கு மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி கிடையாது. குறைந்தது 100,000 டொலருக்குத் தனியார் காப்புறுதி எடுத்தாகவேண்டும். நிரந்தர வதிவிடத்துக்கு அனுசரணை வழங்குவதாயின், ஒன்ராறியோவிலுள்ள பிள்ளை 20 ஆண்டுக்குப் பெற்றோரின் செலவை ஏற்பதாகக் கையொப்பமிடுதல் வேண்டும். முதியோர் ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டு அந்நாட்டிலே வாழ்ந்திருக்கவேண்டும் என்பது பொதுவிதி. எழுபத்தைந்து வயதிலே புறப்படும் தாய்க்கு இக்கணக்கை மறைக்காது சொல்லிவிடுவது நன்று.

குழந்தையைப் பார்க்க ஆளில்லை என்பதற்காகத் தாயை அழைப்போரும் உளர். அதிலே குற்றமில்லை, அதை வெளிப்படையாகச் சொல்லாமைதான் குற்றம். கையிலே பேரப்பிள்ளை இருக்கும்வரை தாய்க்குப் பொழுது போகும். பிள்ளை பாடசாலைக்குப் போகத் தொடங்கிய அன்று என்ன செய்வது என்பதையும் அப்போதே எண்ணவேண்டும். இன்னொன்று, முதற் பயணத்தை மாரியிலே வைக்காதீர்கள். வைகாசியிலே வருபவருக்கு வாசற்கதவு திறந்திருக்கும். அயலாரின் முகமும் தெரியும்.

கோடையிலே ஸ்காபறோ வீடுகளின் பின்வளவுகளைப் பார்த்தவர்கள் இதை நன்கு உணர்வர். பனி முற்றாக விட்டதும் கத்தரியும் மிளகாயும் நடுகின்றார்கள்; பாகலுக்கும் புடோலுக்கும் பந்தல் போடுகின்றார்கள். நாம் பார்த்த வளவொன்றிலே, தொங்கிய புடலங்காய்களுக்கு நுனியிலே கல் கட்டப்பட்டிருந்தது. வேலிக்கு அப்பால் நின்ற சீன மூதாட்டி அந்தக் கல்லைக் காட்டி ஏதோ கேட்டார். ஆச்சி கையை மேலிருந்து கீழாக இழுத்துக் காட்டினார். ஒருவர் பாஷையை மற்றவர் அறியார். மறுநாட் காலை வேலிக்கு மேலாக ஒரு பை நிறையச் சீனக் கீரை வந்தது. இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு புடலங்காய் போயின. அதை எப்படிச் சமைப்பதென்று கேட்டு அன்று மாலையே அயல்வீட்டுப் பெண் ஒருத்தி கதவைத் தட்டினாள். ஆச்சி அவளை அடுக்களைக்கு அழைத்துச் சென்று, நறுக்கும் விதத்தையும் பாலும் புளியும் விடும் பக்குவத்தையும் ஒரு மணி நேரம் காட்டிக்கொண்டிருந்தார்.