காரம்: அவரவர் நாக்கு, அவரவர் அளவு

மட்டாஞ்சேரியில் காரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு முதலில் பாத்திரத்தில்தான் போய் நிற்கும். கேரளத்தில் வாணலிக்குப் பெயர் சீனச்சட்டி. மாங்காய் ஊறும் ஜாடி சீனபரணி. கடலோரத்தில் நிற்பது சீனவலை. பாத்திரங்களுக்குப் பெயர் தந்த சீனர்கள் காரத்தைத் தரவில்லை. இங்கிருந்து வாங்கிப் போனார்கள். 15-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் ஹோவின் கப்பல்களில் வந்த மா ஹுவான், கொச்சியின் மிளகு வியாபாரத்தை எழுதியே வைத்திருக்கிறார்.

அன்று காரம் என்றால் மிளகு. மிளகாய் அதற்குப் பிறகு போர்ச்சுகீசியர் வழியாக வந்த சரக்கு. மிளகோடு காயைச் சேர்த்துப் பெயர் வைத்தது தமிழ். சீனர்கள் செய்ததும் அதேதான்: சொந்த ஊர் சிச்சுவான் மிளகுக்கு வைத்திருந்த 'ஜியாவ்' என்ற சொல்லை மிளகுக்கும், பிறகு மிளகாய்க்கும் நீட்டினார்கள்.

மட்டாஞ்சேரியில் நாலு தெரு நடந்தால் காரத்தின் அளவு நாலு முறை மாறும். குஜராத்திகளின் பருப்பில் வெல்லம். போர்ச்சுகீசியருக்கு அஞ்சி கோவாவிலிருந்து வந்த கொங்கணிகளின் சமையலில் நிறத்துக்கு பேடகி மிளகாய். விரட்டியவர்கள் கொண்டுவந்த காய் அது! இந்த ஊர் பிரியாணியோ சாது. திண்டுக்கல்காரர் ஒருவர் சாப்பிட்டால், "காரமே இல்லையே" என்று இலையைப் பார்ப்பார்.

சைனீஸ் ஓட்டல்களில் கதை தலைகீழ். கான்டன் பகுதிச் சமையல் காரத்தை அதிகம் நாடுவதில்லை. கல்கத்தாவின் ஹக்கா சீனர்கள் வழி வளர்ந்த நம் சைனீஸோ சிவப்பாக இல்லாவிட்டால் விலை போகாது. 'ஷெஸ்வான்' என்று மெனுவில் இருக்கும். நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகு பெரும்பாலும் இருக்காது. காரப் பிரியர்களே புரட்சிக்காரர்கள் என்று பத்திரிகையாளர் எட்கர் ஸ்நோவிடம் வாதாடிய மாவோ, மிளகாய்க்குப் பேர்போன ஹுனான்காரர். கான்டன்காரர்கள் என்ன நினைத்தார்களோ!

உண்மையில் காரம் சுவையே அல்ல, வலி. மிளகாயின் கேப்சைசினும் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூடும் நரம்பில் ஒரே வாங்கியைத்தான் தட்டுகின்றன. 1997-ல் இதைக் கண்டறிந்த குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அடிக்கடி தட்டினால் நரம்பு மரத்துப்போகும். ஆகவே காரம் தாங்குவது வீரமில்லை, பெரும்பாலும் பழக்கம். தண்ணீர் குடித்துப் பயனில்லை. கேப்சைசின் அதில் கரையாது. மோர் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

ஆனால் வெட்கம் இருக்கிறது. காரம் தாங்காத மாப்பிள்ளையைக் கேலி செய்யாத வீடு குறைவு. குழம்பின் காரத்தைத் தீர்மானிப்பது பல வீடுகளில் ஒரே ஒரு நாக்கு; அது சமைப்பவரின் நாக்காக இருப்பது அபூர்வம். மற்றவர்கள் தயிரைப் பிசைந்து சமாளிக்கிறார்கள்.

மிளகுக்கு மட்டாஞ்சேரியில் பழைய மவுசு இல்லை. உலகில் அதிகம் விளைவிப்பது இப்போது வியட்நாம். யூதத் தெருவின் பழைய கிடங்குகள் பலவற்றில் இன்று கலைப்பொருள் கடைகள். சைனீஸ் ஓட்டல் மேஜையில் மட்டும் அதற்கு நிரந்தர இடம். சூப் வந்ததும் ஒருவர் மிளகுத்தூள் டப்பாவைத் தட்டுகிறார், இன்னொருவர் வினிகரில் மிதக்கும் பச்சை மிளகாயை எடுத்துக்கொள்கிறார், குழந்தைக்கு எதுவும் வேண்டாம்.